ஆயுத பூஜைக்குக் கழுவிய தொட்டி

என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஃபேக்டரியில கெமிஸ்ட்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் தோண்டினால்தான் வம்பு. கழிவுநீர் என்ற வார்த்தை வந்ததும் எதிரே இருப்பவரின் மூக்கு தன்னால் சுருங்கும். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கார அம்மா நாற்காலியையே கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அந்த அம்மா வீட்டு ஃபிரிட்ஜில் எங்கள் கம்பெனியின் இட்லி மாவுப் பாக்கெட் கட்டாயம் இருக்கும். அத்தனை அரிசி கழுவிய தண்ணீரும் எங்கே போகும் என்று நினைத்திருந்தாளோ, தெரியவில்லை.

கம்பெனி தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கிறது. இட்லி மாவு, பரோட்டா, சப்பாத்தி, எல்லாம் பாக்கெட்டில். அரிசி உளுந்து ஊறிய தண்ணீர், மிஷின் கழுவிய தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்கு, தரை கழுவியது என்று அத்தனையும் பின்பக்கம் என்னிடம் வரும். நான் அதைச் சுத்தம் செய்து வெளியே விடுவேன். வெளியே என்றால் சுவரை ஒட்டிய கால்வாய். கால்வாய் போய்ச் சேருவது ஏரி. கம்பெனிக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கிற தெருவில்தான் என் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஓர் உறைகிணறு. ஆக, பகலில் நான் வெளியே விட்ட தண்ணீர்தான் மண்ணுக்குள் இறங்கி, மெல்ல ஊர்ந்து, என் கிணற்றிலேயே ஊறியது. தெரிந்தேதான் அங்கே வீடு வாங்கினோம். "நீ விடற தண்ணி மேல உனக்கே நம்பிக்கை இல்லன்னா எப்படி?" என்று என் கணவர் கிண்டல் செய்தார். எனக்கு நம்பிக்கை இருந்தது. அப்போது இருந்தது.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. எங்கள் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் கார்களுக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறார். அந்த அக்கா தினமும் காலையில் குடத்தோடு வந்து, குடிக்கவும் சமைக்கவும் எங்கள் கிணற்றில்தான் எடுப்பார். நோன்பு மாதம் வந்தால் அதே தண்ணீரில் காய்ச்சிய கஞ்சி ஒரு தூக்குவாளியில் மதில்சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் வரும். "உங்க கிணத்துத் தண்ணிக்குத்தாம்மா கஞ்சி இப்படி மணக்குது" என்பார். அந்த ஒரு வார்த்தை எனக்கு வருஷம் முழுக்கப் போதும். கம்பெனியில் ஒருத்தரும் என்னைப் பார்த்து அப்படி ஒன்று சொன்னது கிடையாது.

கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு நாள் நான் வகுப்பெடுக்க வேண்டும். அவர்கள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுத்திகரிப்பு நிலையம் எத்தனை வகை என்று ஆரம்பிப்பேன். யாருடைய தண்ணீர் என்பதை வைத்து ஒரு பிரிவு உண்டு. குடியிருப்பு, ஆபீஸ் கழிவறைத் தண்ணீர் என்றால் எஸ்.டி.பி., தொழிற்சாலைத் தண்ணீர் என்றால் ஈ.டி.பி., பல தொழிற்சாலைகள் கூட்டாக வைத்துக்கொண்டால் பொது நிலையம். அது வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று மிரட்டுவேன். அப்புறம் எப்படிச் சுத்தம் செய்கிறோம் என்பதை வைத்து. சுண்ணாம்பு, படிகாரம் மாதிரி மருந்து போட்டு அழுக்கைத் திரட்டிப் படிய வைப்பது ஒன்று. பூச்சி வளர்த்து அழுக்கைத் தின்ன வைப்பது இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரைத்தான் நாங்கள் பூச்சி என்போம். கடைசியாக, சுத்தமான தண்ணீர் எங்கே போகிறது என்பதை வைத்து. ஏரிக்குப் போனால் கட்டுப்பாடு அதிகம். தோட்டத்துக்குப் போனால் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம், மண் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு கணக்கு. இதற்கெல்லாம் மேலே, எவ்வளவு மாசு செய்யும் என்பதை வைத்துத் தொழிற்சாலைக்கே சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று நிறம் வேறு உண்டு. நாங்கள் ஆரஞ்சு.

இத்தனை வகை பிரித்தவர்கள், தொட்டி உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று ஒரு வகை பிரிக்காமல் விட்டுவிட்டார்களே! எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

எங்களுடையது பூச்சித் தொட்டி. அடியிலிருந்து ப்ளோவர் காற்று ஊதிக்கொண்டே இருக்கும். மேலே பழுப்பு நுரை. தெரியாதவர்கள் எட்டிப் பார்த்தால் 'சீ' என்பார்கள். தெரிந்தவர்களுக்கு அந்தப் பழுப்புதான் அழகு. டிகாக்‌ஷன் இறங்கிய காபித்தூள் நிறம் இருந்தால் பூச்சி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் போனால் மழை விழுந்த மண் மாதிரி வாசனை வரும், நாற்றம் வராது. தினமும் காலையில் ஒரு கண்ணாடி ஜாடியில் மொண்டு வைப்பேன். கொஞ்ச நேரத்தில் பழுப்பு கீழே உட்கார்ந்து, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். லீவு நாட்களில் அரிசித் தண்ணீர் வராது, பூச்சி பட்டினி கிடக்கும். அதனால் தொடர்ந்து விடுமுறை வந்தால் வெல்லம் கரைத்து ஊற்றச் சொல்லிவிட்டு வருவேன். "உன் குழந்தைங்களுக்கு சாப்பாடு ஊட்டியாச்சா?" என்று கணவர் கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார், ஆனால் எனக்கு அது அப்படித்தான் இருந்தது.

போன வருஷம் புது மேனேஜர் வந்தார். நல்ல மனிதர். அதுதான் எனக்கு ஆத்திரமே. கெட்டவராக இருந்தால் மனசாரத் திட்டித் தீர்த்திருக்கலாம். அவருக்குச் சுத்தம் முக்கியம். கம்பெனியைச் சுற்றி வரும்போது என் தொட்டியை எட்டிப் பார்த்து, "வாட்டர் க்ளீன் பண்ற பிளான்ட் மேடம், அதுவே இவ்ளோ டர்ட்டியா இருந்தா விசிட்டர்ஸ் என்ன நினைப்பாங்க?" என்றார். நான் விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். காதில் ஏறவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் பக்கம் எல்லாக் கம்பெனியையும் கழுவித் தள்ளுவார்கள். மிஷினுக்குக் காஸ்டிக் சோடா, தரைக்குப் பினாயில், மூலை முடுக்குக்கெல்லாம் பிளீச்சிங் பவுடர். அந்தத் தண்ணீர் நேராக என் தொட்டிக்குள் இறங்கினால் பூச்சி காலி. அதனால் வருஷா வருஷம் அன்று காலையிலேயே போய் வால்வை மூடிவிடுவேன். கழுவின தண்ணீரை வேறு தொட்டியில் பிடித்து வைத்து, பூஜை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடுவேன். போன வருஷமும் மூடினேன். ஒருமுறைக்கு இரண்டுமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

மத்தியானம் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. "லேடீஸ் எல்லாரும் கேட்டுக்கு வரணுமாம், கோலம் போடணுமாம்." கம்பெனியில் எம்.எஸ்ஸி. படித்தவளாக இருந்தாலும் சரி, பேக்கிங்கில் இருக்கிறவளாக இருந்தாலும் சரி, பூஜை என்றால் நாங்கள் கோலக்காரிகள். கேட் வாசலில் சாணி தெளித்து, பெரிய கோலமாகப் போட்டோம். சிக்குக் கோலம் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் நடுக்கோலம் என் தலையில் விழுந்தது. குனிந்த இடுப்பு நிமிரவில்லை.

கலர் போட்டுக்கொண்டிருந்தபோது ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஓடி வந்தார். என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுகிற மனிதர். முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், வந்து பாருங்க மேடம், உங்க தொட்டி எப்டி கீதுன்னு! எம்மாம் நாளா நொர கட்டிகினு அசிங்கமா கெடந்துச்சு. மேனேஜர் சாரு க்ளீன் பண்ணச் சொன்னாரு. நம்ம பசங்கள வுட்டு மூட்ட மூட்டயா பிளீச்சிங் போட்டோம். ஒரே அடி! பளபளன்னு கீது!"

கோலப்பொடி கையோடு ஓடினேன். வால்வு மூடித்தான் இருந்தது. குழாய் வழியாக எதுவும் வரவில்லை. மேலே கம்பிப் படியில் ஏறி, மூட்டையைப் பிரித்து நேராகத் தொட்டிக்குள் கொட்டியிருக்கிறார்கள். நுரை இல்லை. பழுப்பு வெளுத்து, கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒரு நிறம். பிளீச்சிங் நெடி கண்ணைக் கரித்தது. கைப்பிடிக் கம்பியில் வாழைக்கன்று கட்டி, ப்ளோவருக்கு மாலை போட்டு, தொட்டிச் சுவரில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ப்ளோவர் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது.

"ஐயோ, கொன்னுட்டீங்களேய்யா!" என்று கத்திவிட்டேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து அவர்கள் கேட்டதில்லை.

"இன்னா மேடம்? யாரக் கொன்னாங்க?" சூப்பர்வைசர் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். சொன்னேன். "அதுல உசுரு கீதா மேடம்? சேறுதானே அது?" என்றார். மறுபடியும் சொன்னேன். புரிந்தவுடன் அந்த மனிதர் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டார். "நீங்க சந்தோசப்படுவீங்கன்னுதான் மேடம் மாலயே என் கைக்காசுல வாங்கியாந்தேன்" என்றார். அவரை என்னவென்று திட்டுவது? படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பூஜை. பொரி, சுண்டல், எல்லாம் நடந்தது. நான் ஜாடியில் மொண்டு வைத்துப் பார்த்தேன். எதுவும் கீழே உட்காரவில்லை, வெள்ளையாக மிதந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். எப்போதும் துறுதுறுவென்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றும் அசையவில்லை. வேறு இடத்திலிருந்து மொண்டு பார்த்தேன், அடியிலிருந்து மொண்டு பார்த்தேன். லேபில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நன்றாக அழுதேன். வெளியே சொன்னால் சேற்றுக்கு அழுதாள் என்று சிரிப்பார்கள்.

மேனேஜர் மனசு சங்கடப்பட்டார், பொய் சொல்லக் கூடாது. "சாரி மேடம், இவ்ளோ சென்சிடிவ்னு தெரியாது. பாக்டீரியாதானே, ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடலாம்" என்றார். பாக்கெட் வந்தது. ஆனால் தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. உற்பத்தியை நிறுத்த முடியாது என்றுவிட்டார்கள். புளித்த மாவுத் தண்ணீர் அத்தனையும் வந்து விழுகிற தொட்டியில் பாக்கெட் பூச்சி எந்த மூலைக்கு? சாணி கரைத்து ஊற்றினால் சீக்கிரம் பிடிக்கும், எல்லோரும் செய்வதுதான் என்றேன். "ஃபுட் கம்பெனிக்குள்ள சாணியா!" என்று பதறினார். கேட்டில் தெளித்த சாணி இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அது என்ன சார் என்று கேட்க வாய் வரை வந்தது.

மிச்சம் ஒரே வழிதான். உயிரோடு இருக்கிற வேறொரு தொட்டியிலிருந்து லாரி நிறையச் சேறு கொண்டுவந்து ஊற்ற வேண்டும், தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. என்னோடு படித்தவள் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறாள். போன் செய்தேன். "எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கோடி, நாங்களே எங்க கொட்டறதுன்னு தெரியாம முழிக்கிறோம்" என்றாள். எனக்கு உயிரே திரும்பி வந்தது. மேனேஜரிடம் ஓடினேன்.

"சிறுசேரியா? அவங்க என்ன மேனுஃபாக்சர் பண்றாங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். ஐ.டி. ஆபீஸ். டாய்லெட், கேன்டீன் தண்ணி. எஸ்.டி.பி."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "மேடம், டாய்லெட் வாட்டரை இட்லி மாவு கம்பெனி கேட்டுக்குள்ள விடச் சொல்றீங்களா? கஸ்டமர் ஆடிட்ல தெரிஞ்சா கதை முடிஞ்சது."

"அது டாய்லெட் தண்ணி இல்ல சார், அதைச் சுத்தம் பண்ற பூச்சி. பின்னாடி கடைசியில இருக்கற தொட்டிக்குத்தான் போகுது, மாவுகிட்டகூட வராது. பூச்சிக்கு எஸ்.டி.பி. தெரியுமா, ஈ.டி.பி. தெரியுமா?"

"நீங்கதானே ட்ரெய்னிங்ல சொன்னீங்க, அது வேற, இது வேற, குழப்பிக்கக் கூடாதுன்னு. நோட் பண்ணி வெச்சிருக்கேன் மேடம்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே, என்னிடம் கற்றுக்கொண்டதைத்தான் என்னிடமே சொன்னார். நான் வெளியே வந்தேன். சிறுசேரிக்காரிக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். "ஏன்டி?" என்றாள். அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் நாவலூரிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்தார். ரொம்பக் கெட்டிக்காரர். தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, ஏசி அறையிலேயே பிரச்சினையைத் தீர்த்துவிட்டார். இந்தப் பூச்சி வகை நிலையம் உங்களுக்குத் தொல்லை, மருந்து வகைக்கு மாறிவிடுங்கள் என்றார். மருந்து வகையில் கண்ணுக்குத் தெரிகிற அழுக்குப் படிந்துவிடும், கரைந்து கிடக்கிற மாவும் புளிப்பும் அப்படியே வெளியே போகும், ஏரிக்கு உண்டான கட்டுப்பாட்டை நம்மால் எட்டவே முடியாது என்று நான் சொன்னேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். "ஏரிக்கு ஏன் விடறீங்க மேடம்? கார்டனுக்கு விடுங்க. கேட்டகரி மாறிடும்."

எங்கள் கம்பெனித் தோட்டம் எவ்வளவு பெரியது தெரியுமா? செக்யூரிட்டி ரூமை ஒட்டி நாலைந்து குரோட்டன்ஸ், ஒரு துண்டு புல்தரை, ஒரு வேப்பமரம். அத்தனை தண்ணீரையும் அந்த வேப்பமரம் குடிக்குமா? குழாயைத் திருப்பிவிட்டார்கள். தண்ணீர் குரோட்டன்ஸ் வேரை நனைத்துவிட்டு, புல்தரையைத் தாண்டி, சுவரில் இருக்கிற ஓட்டை வழியாக அதே கால்வாயில் விழுந்தது. ஆனால் வகைப்படி அது தோட்டத்துக்குப் போகிற தண்ணீர். பழைய தொட்டியின் தண்ணீரை இறைத்துவிட்டு, உள்ளே நீலப் பெயின்ட் அடித்து, சுண்ணாம்பும் படிகாரமும் கலந்து படிய வைக்கும் தொட்டியாக்கிவிட்டார்கள். இப்போது எட்டிப் பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கிறது. விசிட்டர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். படிகாரம் கலப்பது நான்தான். விட்டுவிட்டு எங்கே போவது? போகிற இடத்தில் மட்டும் வேறு மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கையும் எனக்குப் போய்விட்டது.

மழைக்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏரி ரொம்பி, கால்வாய் புரண்டு ஓடியதில் எல்லாம் கரைந்து போயிற்று. நான் தினமும் காலையில் ஒரு வாளி இறைத்து மோந்து பார்த்தேன். "விடு, நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காத" என்றார் கணவர். பொங்கல் கழிந்து தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. கால்வாய் கறுத்தது. ஒரு நாள் வாளியைத் தூக்கியதும் தெரிந்துவிட்டது. மூடி வைத்து மறந்துபோன மாவுப் பாத்திரத்தைத் திறந்தால் ஒரு நாற்றம் வருமே, அது. லேசாகத்தான். ஆனால் அந்த நாற்றத்தை இத்தனை வருஷம் கட்டி மேய்த்தவள் நான், எனக்கா தெரியாது? அன்றைக்குக் கணவரும் மோந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கற்பனை என்று சொல்லவில்லை. கேன் தண்ணீர் போடச் சொல்லிவிட்டார். குழாயில் வருகிற கிணற்றுத் தண்ணீர் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் என்று ஆயிற்று.

பக்கத்து வீட்டு அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தபோது, அவரே வருவதைக் குறைத்துவிட்டார். முதலில் குடம் சின்னதாயிற்று. பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். பிறகு, "மோட்டார் ரிப்பேர் பண்ணிட்டோம்மா, எங்க போர்லயே வருது" என்றார். அவர்கள் வீட்டு போரில் வாய் வைக்க முடியாத உப்பு என்பது இருவருக்கும் தெரியும். நானும் "அப்படியாக்கா, நல்லதாப் போச்சு" என்றேன். வேறு என்ன சொல்வது? கேன் கொண்டுவருகிறவர் எங்கள் வாசலில் ஒன்று இறக்கிவிட்டு அவர்கள் வாசலிலும் இறக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவரும் பார்த்திருப்பார்.

நோன்பு ஆரம்பித்தது. இந்த வருஷம் கஞ்சி வராது, வராமல் இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். ஒரு வாரம் வரவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் மதில் பக்கமிருந்து, "ஏம்மா, இருக்கியா?" என்று குரல் கேட்டது. அதே தூக்குவாளி. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது, அதே மணம். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, என் மனம் நோகக் கூடாது என்கிற மாதிரி சொன்னார்.

"பயப்படாம குடிம்மா. கேன் தண்ணியிலதான் காய்ச்சினேன்."

"சரிக்கா" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். யார் கிணற்றுத் தண்ணீருக்கு மணக்கிறது என்று சொன்னாரோ, அவளிடமே பயப்படாதே என்று சொல்ல வேண்டியதாகிவிட்டதே அந்த அக்காவுக்கு! அவர் திட்டியிருக்கலாம். உன் கம்பெனி நாசமாகப் போக என்று சபித்திருக்கலாம். நான் தாங்கியிருப்பேன்.

அடுக்களையில் நின்றபடியே குடித்தேன். கஞ்சி நன்றாகத்தான் இருந்தது. கணவருக்குக் கொஞ்சம் எடுத்து மூடி வைத்தேன். எப்போதும் வாளியைக் கழுவி, வெறுமனே தராமல், கொஞ்சம் சர்க்கரையோ பழமோ போட்டு அன்றைக்கே திருப்பிக் கொடுப்போம். வாளியைப் பாத்திரம் துலக்கும் தொட்டிமுற்றத்தில் வைத்துக் குழாயைத் திறந்தேன். கிணற்றுத் தண்ணீர் சளசளவென்று வந்தது. பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. வாளியை அதன் கீழே கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது. அவர் நாளைக்கு இதில்தானே அடுத்த வீட்டுக்குக் கஞ்சி ஊற்றுவார்? குழாயை மூடிவிட்டு, கேனைச் சாய்த்து, கேன் தண்ணீரில் வாளியைக் கழுவினேன்.